பிசகு எங்கே ஒளிந்திருக்கும்? அளவை வலைகளின் நம்பகக் கணக்கு

ரைன் நதியின் ஒரு கரையில் ஜெர்மனி, மறு கரையில் சுவிட்சர்லாந்து. லாஃபன்பர்க் என்ற ஊர் இரண்டு கரையிலும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கப் புதிதாக ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2003-இல், பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது, இரண்டு பக்கத்து மட்டமும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. வித்தியாசம் 54 செ.மீ.

ஜெர்மனி தன் உயரங்களை ஆம்ஸ்டர்டாமின் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறது. சுவிட்சர்லாந்து மத்திய தரைக்கடலிலிருந்து எண்ணுகிறது. ஆக இரண்டு நாட்டுக் கணக்குக்கும் 27 செ.மீ. வித்தியாசம் உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், பாலத்துக்கான கணக்கிலும் சேர்த்திருந்தார்கள். ஆனால் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல் வந்ததோ, கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல் வந்ததோ, 27 சரியாகி மறைவதற்குப் பதிலாக இரட்டிப்பாகிவிட்டது.

அந்தந்தக் கரையில் மட்டம் பார்த்தவர்களின் கருவியிலும் கையிலும் குறை இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் அளந்திருப்பார்கள். எத்தனை முறை திரும்ப அளந்திருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். ஒரே ஒரு எண், அதுவும் அளக்காமல் கணக்கில் சேர்த்த எண், தப்பாக இருந்தது. அதைத் தப்பு என்று சொல்ல அந்தக் கணக்குக்குள் வேறு எந்த எண்ணும் இல்லை.

அளவைக்காரர்கள் 'நம்பகம்' என்று சொல்வது இதைப் பற்றித்தான். பல்பு எத்தனை மணி நேரம் எரியும், இயந்திரம் எப்போது பழுதாகும் என்று பார்க்கும் நம்பகக் கோட்பாடு வேறு. இங்கே கேள்வி ஒன்றுதான்: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் அளவுகளும் சேர்ந்த ஒரு அளவை வலையில் ஒரு பிசகு நுழைந்தால், எவ்வளவு பெரிய பிசகு வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் உள்ளே உட்கார்ந்திருக்க முடியும்?

துல்லியம் என்பது வேறு கேள்வி. ஒரே நீளத்தைப் பத்து முறை அளந்தால் பத்து விடையும் எவ்வளவு சிதறும் என்பது துல்லியம். சிதறலுக்குத் திட்ட விலக்கம் என்று ஒரு எண் கொடுக்கிறோம், புள்ளிகளைச் சுற்றிப் பிழை நீள்வட்டம் வரைகிறோம், அறிக்கையில் போடுகிறோம். ஆனால் தூரம் அளக்க வைக்கும் ப்ரிஸத்தின் மாறிலியை (தூரத்தோடு சேர்க்க வேண்டிய நிலையான திருத்தம்) தப்பாகப் போட்டது, 1.453 மீட்டர் கருவி உயரத்தை 1.543 என்று எழுதியது, பக்கத்துக் கல்லை இந்தக் கல் என்று நினைத்துக் குறிபார்த்தது, இவை எதுவும் அந்த நீள்வட்டத்துக்குள் வராது. பிசகு சிதறல் அல்ல. அது ஒரே பக்கமாக ஒரே தடவை விழும் அடி.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பேராசிரியராக இருந்த வில்லெம் பார்டா இதை ஒழுங்கான கணக்காக மாற்றினார். 1968-இல் நெதர்லாந்து புவியளவை ஆணையம் வெளியிட்ட அவருடைய ஆய்வுதான் இன்றைக்கும், அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரும்படி சிறு திருத்தம் கொடுக்கும் வலைச் சீரமைப்பு மென்பொருள்கள் அச்சிடும் பல எண்களுக்கு மூலம். அவர் செய்த பெரிய காரியம் பிசகைக் கண்டுபிடிக்க வழி சொன்னது மட்டும் அல்ல. களத்துக்குப் போவதற்கு முன்பே, ஒரு அளவையும் எடுக்காமல், வலையின் வரைபடத்தையும் கருவியின் துல்லியத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு பிசகு ஒளிந்துகொள்ளும் என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார்.

கணக்கின் மையம் மிகையெண். ஒரு முக்கோணத்தின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு கோணம் போதும். மூன்றையும் அளந்தால் ஒன்று மிகை. கூட்டினால் 180 வரவேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கோளாறு. இந்த ஒரு மிகையை மூன்று கோணங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்குதான் அந்தந்த அளவின் மிகையெண். எப்போதும் அது 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். ஒரு அளவில் நுழையும் பிசகில் எத்தனை பங்கு அதே அளவின் மிச்சத்தில், அதாவது சீரமைப்பு அதற்குக் கொடுக்கும் திருத்தத்தில், தலைகாட்டும் என்பதை அது சொல்கிறது. முக்கோணத்தில் ஒரு கோணத்தை 30 விநாடி தப்பாக அளந்தால், மீச்சிறு வர்க்க முறை (திருத்தங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி பார்க்கும் கணக்கு) அதைச் சமமாகப் பிரித்து மூன்று கோணத்துக்கும் பத்துப் பத்து விநாடி திருத்தம் கொடுத்துவிடும். குற்றவாளிக்கும் பத்து, நிரபராதிக்கும் பத்து. கோளாறு இருக்கிறது என்று தெரிகிறது, எதில் என்று தெரியவில்லை.

இந்த வித்தியாசம் விமானத்தின் ஜிபிஎஸ் கருவியிலும் வருகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு செயற்கைக்கோள் போதும். அதில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று தெரிய ஐந்தாவது வேண்டும். எது பொய் சொல்கிறது என்று தெரிய ஆறாவது வேண்டும்.

ஒரு வலையில் உள்ள எல்லா மிகையெண்களையும் கூட்டினால், எடுத்த அளவுகளின் எண்ணிக்கையிலிருந்து தெரிய வேண்டியவற்றின் எண்ணிக்கையைக் கழித்தால் என்ன வருமோ அதுவே வரும். அதாவது மொத்தம் நிலையானது. பந்தியில் பாயசம் மாதிரி: அண்டாவில் இருப்பது இவ்வளவுதான், சில இலைக்கு இரண்டு கரண்டி விழுந்தால் கடைசி இலைக்கு ஒன்றும் இருக்காது. நூறு அளவு எடுத்தேன், நாற்பது மிகை இருக்கிறது என்று ஒருவர் பெருமைப்படலாம். அந்த நாற்பதும் வலையின் நடுவில் குவிந்து, ஓரத்தில் தொங்கும் புள்ளிக்கு மிகையெண் பூஜ்யமாக இருக்கலாம். எல்லைத் தகராறு அந்த ஓரப் புள்ளியில்தான் வரும்.

அப்புறம் பார்டாவின் வாய்ப்பாடு. தாராளமாக நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியதுதான்: ஒளிந்துகொள்ளக் கூடிய பிசகு = 4.13 × திட்ட விலக்கம் ÷ √மிகையெண். இந்த 4.13 எங்கிருந்து வந்தது? நல்ல அளவை ஆயிரத்தில் ஒரு முறைக்கு மேல் தப்பாகச் சந்தேகிக்கக் கூடாது என்று வைத்தால், மிச்சத்தை அதன் திட்ட விலக்கத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு எல்லை 3.29. பிசகு உண்மையில் இருக்கும்போது நூற்றுக்கு எண்பது முறையாவது பிடிபட வேண்டும் என்று கேட்டால் இன்னொரு 0.84 சேரும். இரண்டையும் கூட்டினால் 4.13. இந்த இரண்டு தேர்வும் வழக்கத்தால் நிலைத்தவை, இயற்கை விதி அல்ல. அந்த அளவுள்ள பிசகு ஐந்தில் ஒரு முறை தப்பித்துப் போகும் என்பதும் இந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம். இரண்டு பெஞ்ச்மார்க்குகளுக்கு, அதாவது நிலையான உயரக் குறிகளுக்கு, இடையே உள்ள உயர வித்தியாசம் வேண்டும். டிஜிட்டல் லெவல் (கிடைமட்டமாகப் பார்த்து உயரம் எடுக்கும் கருவி) வைத்து ஒரு முறை அளக்கிறோம், திட்ட விலக்கம் 1 மி.மீ. சரிபார்ப்பதற்காக டோட்டல் ஸ்டேஷனால் தூரமும் கோணமும் எடுத்து இன்னொரு முறை, திட்ட விலக்கம் 5 மி.மீ. இரண்டையும் அவற்றின் எடைக்கேற்ப (திட்ட விலக்கம் ஐந்தில் ஒரு பங்கானால் எடை 25 மடங்கு) சேர்த்தால் விடையின் திட்ட விலக்கம் 0.98 மி.மீ. அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும்.

இப்போது மிகையெண். லெவலின் எடை 25, டோட்டல் ஸ்டேஷனின் எடை 1. மிகை மொத்தம் ஒன்று. அதில் டோட்டல் ஸ்டேஷனுக்கு 0.96 போய்விடுகிறது, லெவலுக்கு வெறும் 0.04. எடை கூடிய அளவு எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. லெவல் அளவில் 15 மி.மீ. பிசகு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 5.1 மி.மீ. மற்ற சிதறலை விட்டுவிட்டுப் பார்த்தால் 15-ஐ 5.1-ஆல் வகுக்க 2.9 வருகிறது. எல்லை 3.29. சோதனையில் தேறிவிட்டது! விடை 14.4 மி.மீ. நகர்ந்துவிட்டது, அறிக்கையோ கூட்டல் கழித்தல் 0.98 மி.மீ. என்கிறது. வாய்ப்பாட்டின்படி 21 மி.மீ. வரை இங்கே ஒளிந்துகொள்ளலாம்.

லெவலை வைத்து இன்னொரு முறை, முதல் தடவையோடு சம்பந்தமில்லாமல், அளக்கிறோம். விடையின் திட்ட விலக்கம் 0.98-இலிருந்து 0.70-க்கு இறங்குகிறது. சுமாரான லாபம்தான். ஆனால் லெவல் அளவின் மிகையெண் 0.04-இலிருந்து 0.51-க்கு ஏறுகிறது, ஒளிந்துகொள்ளும் பிசகு 21 மி.மீ.-இலிருந்து 5.8 மி.மீ.-க்கு விழுகிறது. துல்லியத்தை மட்டும் பார்க்கும் மேலதிகாரிக்கு இந்த இரண்டாவது நடை வீண் செலவு. இந்தப் பட்ஜெட் சண்டையில் சர்வேயர் கையில் எடுக்க வேண்டிய எண் 5.8 என்பது என் கருத்து.

ஒளிந்த பிசகின் அளவு உள் நம்பகம். அது ஆயத்தொலைவுகளை எவ்வளவு நகர்த்தும் என்பது வெளி நம்பகம். இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன உதாரணத்தில் டோட்டல் ஸ்டேஷன் அளவிலும் அதே 21 மி.மீ. ஒளிந்துகொள்ளலாம், ஆனால் அதன் எடை குறைவு என்பதால் விடை 0.8 மி.மீ.தான் நகரும். பிசகு பெரியதா என்பதைவிட அது எதைக் கெடுக்கும் என்பதுதான் பாலம் கட்டுகிறவருக்குத் தேவை.

உயரம் அளந்துகொண்டே போய்க் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் லெவலிங் சுற்றில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே நீளமுள்ள நான்கு துண்டுகளில் ஒரு சுற்று சுற்றி வந்து மூடினால், ஒவ்வொரு துண்டின் மிகையெண்ணும் நாலில் ஒரு பங்கு. துண்டுக்கு 3 மி.மீ. திட்ட விலக்கம் என்றால் 25 மி.மீ. வரை ஒளியலாம். பத்துத் துண்டாகச் சுற்றை நீட்டினால் பத்தில் ஒரு பங்கு, 39 மி.மீ. சுற்று மூடிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுற்றின் குறுக்கே நடுவில் ஒரே ஒரு துண்டு அளந்தால் 39 என்பது 30 ஆகும். அது மட்டும் அல்ல, பிசகு இடப்பக்கப் பாதியிலா வலப்பக்கப் பாதியிலா என்றும் தெரிந்துவிடும். சுற்றிலிருந்து கிளை பிரிந்து போய் ஒரு புள்ளியில் முடிந்தால் அந்தக் கிளையின் மிகையெண் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. எவ்வளவு பெரிய பிசகும் அங்கே ஒளியலாம் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டு நில ஆவணங்களில் புலப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அடிப்படைக் கோட்டின் மேல் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு கல்லும் குறிக்கப்பட்டிருக்கும். அதோடு நின்றால் ஒவ்வொரு கல்லும் கிளைதான், மிகை பூஜ்யம். ஆனால் கல்லுக்குக் கல் உள்ள பக்க நீளமும் படத்தில் எழுதியிருப்பார்கள். அந்த நீளங்கள்தான் அந்தப் படத்தின் மிகை.

பொய்யான மிகையும் உண்டு, அது இன்னும் ஆபத்து. நான்கு ஜிபிஎஸ் கருவிகளை நான்கு புள்ளியில் வைத்து ஒரு மணி நேரம் ஒன்றாக ஓட விடுகிறோம். புள்ளிக்குப் புள்ளி ஆறு கோடுகள் வரையலாம், மென்பொருளும் ஆறையும் கணக்கிட்டுக் கொடுக்கும். ஆனால் அவற்றில் மூன்றுதான் சுயமானவை. மற்ற மூன்றும் அதே பதிவுகளிலிருந்து பிறந்தவை. ஆறையும் சீரமைப்பில் போட்டால் முக்கோணங்கள் எல்லாம் மில்லிமீட்டரில் மூடும், மிகையெண்கள் பிரமாதமாக இருக்கும். ஒரு புள்ளியில் ஆண்டெனா உயரம் 10 செ.மீ. தப்பாக எழுதப்பட்டிருந்தால்? அங்கிருந்து கிளம்பும் மூன்று கோடுகளிலும் அதே 10 செ.மீ. வரும், எல்லா முக்கோணமும் அப்போதும் மூடும். மூன்று சாட்சிகள் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நினைத்தோம், உண்மையில் ஒரே ஆள் மூன்று வேஷம் போட்டிருக்கிறார். வேறொரு நாள், முக்காலியைத் திரும்ப நிறுத்தி, உயரத்தைத் திரும்ப அளந்து இன்னொரு அமர்வு எடுத்தால்தான் அது வெளியே வரும்.

இந்தக் கோட்பாட்டுக்குப் பெயர் வருவதற்கு 160 வருஷம் முன்பே இதன் சாரத்தைச் சென்னையில் பார்க்கலாம். 1802 ஏப்ரலில், இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கமாகச் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். 100 அடி எஃகுச் சங்கிலியை 400 முறை நீட்டி, 57 நாளில் முடித்தார். அதற்குப் பிறகு முக்கோணங்கள்: கோணம் மட்டும் அளந்து, நீளங்களை அந்த ஒரே அடிக்கோட்டிலிருந்து கணக்கிட்டுக்கொண்டே போவது.

முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் அளந்தால் கோணப் பிசகு பிடிபடும். அடிக்கோட்டின் பிசகு? முக்கோணத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோணங்கள் மாறாது. ஆயிரம் முக்கோணம் அளந்தாலும், ஒவ்வொன்றும் அழகாக மூடினாலும், பரங்கிமலைச் சங்கிலி தப்பு என்றால் தென்னிந்தியா முழுக்க அதே விகிதத்தில் தப்பு. நீளத்துக்கு மிகை பூஜ்யம். லாம்டனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1804-இல் பெங்களூர் அருகே இரண்டாவது அடிக்கோடு அளக்கப்பட்டது. முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் சங்கிலி போட்டு அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். ஏழு மைல் சொச்சத்தில்!

அந்த ஒரு அடிக்கோட்டால் வந்த மிகை ஒன்றே ஒன்று. ஆனால் எந்த இடத்தில் மிகை இல்லையோ சரியாக அங்கே வைக்கப்பட்டது. சங்கிலியே நாளாக நாளாக நீண்டுபோனால் இரண்டு அடிக்கோட்டிலும் ஒரே மாதிரி பிசகு வந்து 3.7 அங்குலம் நம்மை ஏமாற்றிவிடுமே என்ற சந்தேகத்துக்கும் அவர் இடம் வைக்கவில்லை: இன்னொரு சங்கிலியை வேலையில் பயன்படுத்தாமல் ஒப்பிடுவதற்கென்றே வைத்திருந்தார்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது எல்லோரும் கேட்ட கதை. கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைக் கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோண வட்டம் நெளிந்தது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். நம்பகக் கண்ணோடு பார்த்தால் இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. நெளிந்த வட்டத்தால் ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள எல்லாக் கோணத்தையும் அளந்து கூட்டினாலும் 360 வந்துவிடும், ஏனென்றால் வட்டம் தொடங்கிய கோட்டிலேயே முடிகிறது. அந்தச் சோதனைக்கு வட்டத்தின் கோளாறு தெரியவே தெரியாது. வட்டத்தின் வெவ்வேறு பகுதியில் தொடங்கி அதே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால்தான், அல்லது மூன்று மலையுச்சியில் அளந்த கோணங்கள் 180-க்கு வருகிறதா என்று பார்த்தால்தான், நிமிர்த்திய வட்டத்தை நம்பலாமா என்று தெரியும்.

எளிதில் மிகை வைக்க முடியாத வேலைகளும் இருக்கின்றன. சுரங்கப்பாதை அப்படி. உள்ளே போகப்போகப் பின்னால் உள்ள புள்ளிகள் மட்டும்தான் தெரியும், முன்னால் பாறை. ஆக அது நீண்ட ஒரு கிளை. சுவரை ஒட்டிய காற்றின் வெப்ப வித்தியாசத்தால் பார்வைக்கோடும் ஒரே பக்கமாக வளையும். சுவிட்சர்லாந்தின் 57 கி.மீ. நீளக் கோட்டார்ட் அடிவாரச் சுரங்கத்தில் இதற்காகத்தான் கைரோ தியோடலைட் கொண்டுபோனார்கள். பூமியின் சுழற்சியை வைத்து அது வடக்கைத் தானாகக் காட்டும், வாயிலிலிருந்து கொண்டுவந்த கோணத்தைக் கேட்காது. அந்தக் கிளைக்கு வெளியிலிருந்து வரும் சாட்சி அது. 2010 அக்டோபர் 15 அன்று கிழக்குக் குழாயின் கடைசிப் பாறை உடைந்தபோது இரண்டு பக்கமும் கிடையில் 8 செ.மீ.யும் உயரத்தில் 1 செ.மீ.யும்தான் விலகியிருந்தன.

சரி, பார்டாவின் முறைக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிசகு இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு பிசகு ஒன்றாக வந்தால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளலாம், நல்ல அளவு ஒன்றின் மேல் பழி விழலாம். மென்பொருள் சிவப்பாகக் காட்டுவதை எல்லாம் ஒரே மூச்சில் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவது இதனால்தான் ஆபத்து. மிகப் பெரியதை ஒன்றை மட்டும் நீக்கி, களப்புத்தகத்தைப் பார்த்து, காரணம் கிடைக்கிறதா என்று தேடி, அப்புறம்தான் அடுத்தது. அதோடு, திட்ட விலக்கத்தை நாம் தப்பாக ஊகித்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் தப்பு. கருவியின் விளம்பரத் தாளில் உள்ள 1 மி.மீ.யை வெயிலில் கானல் ஆடும் தார்ச்சாலையில் போட்டால் நல்ல அளவெல்லாம் பிசகாகத் தெரியும்.

லாஃபன்பர்க்கின் 27 செ.மீ. மாதிரி அளக்காமல் உள்ளே வரும் எண்களுக்குச் சீரமைப்பில் மிச்சமே கிடையாது. மிகையெண் என்ற பேச்சே எழாது. ஆண்டெனா உயரமும் ஒரே அமர்வுக்குள் அந்த ஜாதிதான். அதனால் பழைய கைகள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். டேப்பின் மீட்டர் பக்கத்தைப் பார்த்து ஒரு முறை எழுதுவார்கள், அதே இடத்தில் அடி அங்குலத்தைப் பார்த்து இன்னொரு முறை. 1.453 மீட்டர் என்றால் 4 அடி 9 அங்குலம் சொச்சம், 1.543 என்று எழுதியிருந்தால் 5 அடியைத் தாண்டியிருக்கும், அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். டேப்பின் கொக்கியைத் தப்பான இடத்தில் மாட்டியிருந்தால் மட்டும் இரண்டு எண்ணும் சேர்ந்தே தப்பாகும். அதற்காக அமர்வு முடிந்து முக்காலியைக் கழற்றுவதற்கு முன்னால், முடிந்தால் வேறொரு ஆளைக் கொண்டு, மறுபடி ஒரு முறை மாட்டி அளப்பார்கள்.